உண்ணிக்கு எழுத்துத் தொடங்கிய நாள்

குடை மனிதரைத் தூக்குமா என்று பார்ப்பதற்காகத்தான் கிங்கிணி மாட்டுக்கொட்டகைச் சுவரிலிருந்து குதித்தாள். தூக்கவில்லை. சுவர் இடுப்பு உயரம்தான், கீழே மழையில் இளகிய மண்தான், ஆனாலும் வலது மணிக்கட்டில் விரிசல் விழுந்துவிட்டது. மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டிருந்த டாக்டரிடம் அழுகைக்கு நடுவே அவள் சொன்ன முதல் தகவல், "கொஞ்ச நேரம் தூக்குச்சு டாக்டர். இத்தனூண்டு நேரம்" என்பதுதான்.

"அப்போ குடை இன்னும் பெருசா இருந்திருக்கணும்," என்றார் டாக்டர்.

ஐந்தரை வயசுப் பிள்ளையிடம் சொல்கிற பேச்சா இது? மீன் சந்தையில் நட்டு வைத்திருக்கிற பெரிய குடையை யாரிடம் கேட்டால் தருவார்கள் என்று வீடு வந்து சேரும்வரை அவள் அப்பனைத் துளைத்தெடுத்தாள். நாலு வாரம் கட்டை அவிழ்க்கக் கூடாது, ஓடக் கூடாது, நனைக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

மறுநாள் காலை புட்டும் கடலையும் வைத்த தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். அம்மா பிரஸீதா ஊட்டப் போனபோது வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"நானே தின்னுக்கறேன். ஆனா மெதுவாத்தான் வரும். இதுக்கு இன்னும் ஒண்ணும் தெரியாதும்மா," என்று இடது கையைத் தூக்கிக் காட்டினாள். "எல்லாத்தையும் அந்தக் கையே செஞ்சுச்சு இல்ல? இது சும்மாவே இருந்துடுச்சு. பாவம், இப்பத்தான் பொறந்த மாதிரி."

தட்டு காலியாவதற்குள் அந்தக் கைக்கு உண்ணி என்று பேரும் வைத்தாயிற்று. தொட்டில் பிள்ளையை எங்கள் கேரளத்துப் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். வலது கை லீவில் இருக்கிறது, இனிமேல் உண்ணிதான் வீட்டு வேலை எல்லாம் பார்க்கும் என்று அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லி வைத்தாள்.

உண்ணி கொண்டுபோகிற புட்டில் பாதி மூக்கில் அப்பியது. "வழி தப்பிடுச்சு," என்று சிரித்தாள். சட்டைப் பொத்தானைத் துளைக்குள் தள்ள நாலு நாள் பிடித்தது. சிலேட்டில் கோடு போட்டால் அது தன் இஷ்டத்துக்கு எங்கோ போனது. அவள் தலையைச் சாய்த்து வைத்துக்கொண்டு, வேறு யாருடைய கையையோ பார்க்கிற மாதிரி அதைப் பார்ப்பாள்.

"அம்மா, தலையிலேர்ந்து இந்தக் கைக்கு வர்ற வழி தூரமா?"

"உன் தலையிலேர்ந்து வாய்க்கு வர்ற வழிதான் ரொம்பக் கிட்டம். சாப்பிடுடி."

பிரஸீதாவுக்கு உள்ளூரக் கவலை. கழுவுகிற கையாலேயே சோறும் தின்னப் பழகிவிட்டால் நாளைக்குப் பந்தியில் நாலு பேர் என்ன சொல்வார்கள்? சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டே தட்டை வைத்தாள். இது கழுவுற கைடி என்று சொல்லியும் காட்டினாள்.

"ஆமாம்மா, ரெண்டு வேலையும் உண்ணியே பாக்குது. பாவம்ல?" என்றாள் மகள்.

இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவன் அப்பன் சுகுணன். பய்யன்னூர் வட்டாரத்தில் வீடுகளுக்கு வயரிங் செய்கிறவன். அவன் பிறவியிலேயே இடதுகைக்காரன். பிரஸீதாவுக்குத் தெரியும், ஊரில் மற்றவர்கள் மறந்தே போனார்கள். ஏனென்றால் அவனுடைய தாய்மாமன் அம்பு மாஷ், ஸ்கூல் வாத்தியார், அவன் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது தினமும் எழுத உட்காரும் நேரத்தில் அந்த இடது கையைக் கயிற்றால் நிக்கர் இடுப்போடு சேர்த்துக் கட்டிவிடுவார். அடிக்கவில்லை, திட்டவில்லை. கட்டுவார், முடிந்ததும் அவிழ்த்துவிட்டுத் தலையைத் தடவிக்கொடுப்பார். விஷுவுக்குப் புதுச்சட்டை எடுத்துத் தந்தவரும் அவர்தான். அதனால் அவரை வெறுக்கவும் முடியவில்லை, மறக்கவும் முடியவில்லை. இன்றைக்கும் சுகுணனின் எழுத்தைப் பார்த்தால் கோழி கிளறிய மாதிரி இருக்கும். பேனாவைக் கையில் எடுத்தால் கழுத்து வியர்க்கும்.

இந்த நேரத்தில்தான் கிங்கிணி அடுத்த குண்டைப் போட்டாள்.

"அச்சா, விஜயதசமிக்கு வாசகசாலையில எழுத்துத் தொடங்குவாங்க இல்ல? உண்ணியைக் கூட்டிட்டுப் போகணும்."

"சரி மோளே," என்றான் சுகுணன், ஒயரைச் சீவிக்கொண்டே. சொன்ன பிறகுதான் உறைத்தது. வாசகசாலையில் வருஷா வருஷம் பித்தளைத் தாலத்தில் அரிசி பரப்பிப் பிள்ளைகளின் விரலைப் பிடித்து எழுதிக் கொடுப்பது வேறு யாரு? சாட்சாத் அம்பு மாஷ்!

வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஆனால் இவள் அதற்குள் தெருவெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டாள். மாஷ் அத்தனை பேர் முன்னால் அந்தக் கையைத் தட்டிவிட்டால்? தன் கையைப் பார்த்து வெட்கப்படுவது எப்படி என்று அவனுக்கு ஆறு வயசில் தெரிந்துபோயிற்று. அவளுக்கு அது தெரியவே கூடாது. இந்தச் சிரிப்பு போய்விடக் கூடாது. அவனுக்கு வேண்டியதெல்லாம் அதுதான்.

முன்கூட்டியே மாஷிடம் பேசிவிடுவது என்று முடிவு செய்தான். பூஜைக்கு முந்தின நாள் வாசகசாலையில் சீரியல் பல்பு கட்ட ஏணி மேல் நின்றுகொண்டிருந்தான். கீழே மாஷ் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எடா சுகுணா, பார்த்து. ஏற்கெனவே வீட்டுல ஒரு கை ஒடிஞ்சு கிடக்கு."

"மாஷே, ஒரு விஷயம்..."

"சொல்லு."

"ரெண்டு பல்பு மாத்தணும் மாஷே."

தன்னையே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது அவனுக்கு. நாற்பது வயசு ஆண்பிள்ளை!

விஜயதசமி அன்று காலை வாசகசாலை நிரம்பி வழிந்தது. மூணு வயசுப் பொடிசுகள் வீறிட்டு அழுதன. மாஷ் ஒவ்வொன்றையும் மடியில் இருத்தி, விரலைப் பிடித்து அரிசியில் 'ஹரிஸ்ரீ கணபதயே நமஹ' என்கிற முதல் வரியை எழுதி, அரிசியை உள்ளங்கையால் நிரவிவிட்டு அடுத்ததைக் கூப்பிட்டார். பெரியவர்களும் வரிசையில் வந்து தாங்களே ஒரு வரி எழுதிவிட்டுப் போனார்கள்.

கிங்கிணி முறை வந்தது. கட்டுப் போட்ட கையைத் தொட்டில் மாதிரி மடித்து வைத்துக்கொண்டு, இடது கையை நீட்டினாள்.

"இதான் மாஷே உண்ணி."

"கையை மாத்து."

"அது லீவு மாஷே."

"அப்போ கட்டு அவிழ்த்த பிறகு வா. எழுத்து எங்கேயும் ஓடிப் போகாது."

"அந்தக் கை மூணு வயசுலயே உங்ககிட்ட எழுதிடுச்சு. இதுக்குத்தான் ஒண்ணும் தெரியாது. தெரியாதவங்களுக்குத்தானே சொல்லித் தரணும்?"

கூட்டத்தில் கொல்லென்று சிரிப்பு. மாஷ் சிரிக்கவில்லை. "தேவி முன்னாடி இடது கையை நீட்டறதாவது! நல்ல கையா அது? கீழே போடு!" என்றார். குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது.

கிங்கிணி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கையைப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள். நேற்றுவரை வேடிக்கை பார்த்த பார்வை இல்லை அது. என்ன குறை என்று தேடுகிற பார்வை. பிறகு மெதுவாக அதைப் பாவாடை மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டாள். பத்து நாளில் முதல் தடவையாக அவள் முகம் வாடிப்போயிற்று.

சுகுணனுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. முன்னால் இருந்தவர்களை விலக்கிக்கொண்டு போய்த் தாலத்தின் முன் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"சுகுணேட்டா!" என்றாள் பின்னாலிருந்து பிரஸீதா.

"மாஷே, அப்போ இந்தக் கைக்கு முதல்ல ஆகட்டும்," என்றான். "இதுக்கும் இன்னும் எழுத்துத் தொடங்கல."

இடது கைச் சுட்டுவிரலை அரிசியில் வைத்தான். மாஷ் அவன் மணிக்கட்டையே பார்த்தார். விரல் நகர்ந்தது. எங்கே தயங்கும், எங்கே இடறும் என்று அவனே பயந்துகொண்டிருந்தான். தயங்கவில்லை. ஒவ்வோர் எழுத்தும் உருண்டு திரண்டு, ஒன்றின் தோளில் ஒன்று சாயாமல், நிமிர்ந்து வந்தது. அவன் கழுத்து வியர்க்கவில்லை. முழு வரியையும் எழுதி முடித்துவிட்டு, இது தன் எழுத்துதானா என்று அவனே குனிந்து பார்த்தான்.

கிங்கிணி அவன் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். வாய் பிளந்துவிட்டது.

"அச்சா! எவ்ளோ அழகா எழுதுது! இதுக்கு யாரு சொல்லித் தந்தா?"

"யாரும் சொல்லித் தரல மோளே."

"அப்ப எப்படித் தெரிஞ்சுச்சு?"

"தெரியல."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "இவ்ளோ தெரிஞ்சு வச்சுக்கிட்டா இத்தனை நாளும் சும்மா இருந்துச்சு?"

சுகுணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கண்ணில் தண்ணீர் வந்ததை நாலு பேர் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டான்.

காலையிலிருந்து செய்துவந்த பழக்கத்தில் மாஷின் கை அரிசியை நிரவ நீண்டது. பாதியில் நின்றது. அந்த வரியை அவர் வெகுநேரம் படித்தார், ஒரு வரியைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது. பிறகு கையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"இதைக் கலைக்க வேண்டாம். உள்ளே வேற தாலம் இருக்கு, அரிசி போட்டுக் கொண்டா," என்றார் பக்கத்தில் இருந்தவரிடம். சுகுணனை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

புதுத் தாலம் வந்தது. மாஷ் மடியைத் தட்டினார்.

"எங்கே உன் உண்ணி? வரச் சொல்லு."

கிங்கிணி பாவாடைக்குள்ளிருந்து கையை எடுத்தாள். ஒரு தடவை அதைப் பார்த்தாள், ஒரு தடவை மாஷைப் பார்த்தாள். ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவர் அவளது இடது விரலைப் பிடித்தபோது குனிந்து காதோடு சொன்னாள்:

"மெதுவாப் பிடிங்க மாஷே. அது குழந்தை."

மாஷ் மெதுவாகத்தான் பிடித்தார்.