ஒரு சொட்டுத் தண்ணீர்

திரையில் கோடு அகலமாகப் பரந்து கிடந்தது. அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். போன வாரம் இதே ஜெல் ஊசிமுனை போல ஒல்லியான கோட்டைக் காட்டியிருந்தது.

தீக்காயத்தின் மேல் ஒட்டுவதற்காக அவள் செய்த ஜெல் அது. அதற்குள் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் எவ்வளவு மெதுவாக நெளிகின்றன என்று, நியூட்ரான்களைப் பாய்ச்சி, அவை வேகம் மாறி வெளியே வருவதை வைத்துக் கணக்கிடுவது அவள் வேலை. ஜெல்லைக் கனநீரில்தான், அதாவது சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் கனமான ஹைட்ரஜன் உள்ள தண்ணீரில்தான், ஊறவைப்பாள். நியூட்ரான்களிடம் கனநீர் அதிகம் சத்தம் போடாது. சாதாரணத் தண்ணீர் ஒரு சொட்டு சேர்ந்தால் போதும், சங்கிலிகளின் முணுமுணுப்பை அமுக்கிவிட்டு அதுவே கத்தும்.

இன்று கத்தியது தண்ணீர்தான்.

யாரோ கலந்திருக்கிறார்கள். முதல் சந்தேகம் பக்கத்து மேசை சோடாபுட்டி மேல். இவள் அளவீடு கெட்டால் கருவியில் இவளுக்கு ஒதுக்கிய நேரம் அவனுக்குத்தான் கிடைக்கும்.

"நேத்து சாம்பிள் ரூமுக்குப் போனியா?"

"போனேன். அதுக்கு ஏன் போலீஸ் மாதிரி முறைக்கிற? உன் ஜெல் டப்பா திறந்து கிடந்துச்சு, பக்கத்துல உங்க அத்தான் நின்னாரு. அவர்கிட்ட கேளு."

அந்த அறை அவளுடைய அக்கா புருஷனின் பொறுப்பு. காலையில் எதிரே வந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது இப்போது உறைத்தது. ஆய்வகத் தலைவர் எல்லார் முன்னாலும் இவளைப் புகழ்ந்தபோது அத்தான் கைதட்டினாரா? யோசிக்க யோசிக்க, தட்டவில்லை என்றே பட்டது.

நேரே போய் நின்றாள். "அத்தான், என் டப்பாவைத் திறந்தீங்களா?"

திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. "மூடி ஒழுகுச்சும்மா. வேற மூடி கழுவிப் போட்டேன்."

"காய வச்சீங்களா?"

"துணியால துடைச்சேன்."

"துடைச்சாப் போதுமா? என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ ஊரைக் கூட்டுவியேன்னுதான். இப்பவும் அதானே பண்றே?"

குப்பைக்கூடையைக் கிளறி அந்தப் பழைய மூடியை எடுத்தாள். விளிம்பில் மெல்லிய விரிசல். ஒழுகியது உண்மையாகத்தான் இருக்கும். இல்லை, பின்னால் விழுந்த விரிசலோ? தான் இப்படி நினைப்பது அவளுக்கே அசிங்கமாக இருந்தது. ஆனாலும் புது ஜெல்லை அடைத்ததும், அத்தான் பொறுப்பில் இருந்த சாம்பிள் அலமாரியைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

அக்கா போன் செய்தாள். "என் புருஷனைத் திருடன்னு நெனச்சிட்டியாடி?"

"அப்படியெல்லாம் இல்லக்கா."

"அப்ப சாவியைக் குடுத்துடு."

அவள் கொடுக்கவில்லை.

நன்றாகக் காய்ந்த மூடி போட்டுச் செய்த புது அளவீட்டில் கோடு ஒல்லியாக வந்தது. ஈரமான மூடிதான் காரணம், வேறு சூது எதுவும் இல்லை. சோடாபுட்டியிடம் மன்னிப்புக் கேட்பது சுலபமாக இருந்தது. அவன் சிரித்துவிட்டுப் போனான். அத்தானிடம் சாவியை நீட்டியபோது அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நீயே வச்சுக்கோம்மா. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா மறுபடி என்னைத்தானே பாப்பே."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கை சாவியைக் கைப்பைக்குள் போட்டுவிட்டிருந்தது.