நிற்கச் சொன்னவள்

மதீனா பீவி வந்து நின்றபோது இசக்கிப்பாண்டி வாசலில் குந்தி முகத்தில் சோப்பு நுரை போட்டுக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை. லேபர் கேம்ப் குழாயடியில் குடங்கள் மோதும் சத்தம். அவள் தாராவியிலிருந்து நடந்தே வந்திருந்தாள். வெள்ளைத் துப்பட்டியின் ஓரம் சேற்றில் நனைந்திருந்தது. இறந்துபோன நண்பன் ரஹ்மத்துல்லாவின் தாய் தன் வீடு தேடி வருவாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. பாதி நுரையைத் துண்டால் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"உள்ள வாங்க, உம்மா."

"இருக்கட்டும்பா. சைனப்பு உன்னயக் கூட்டிட்டு வரச் சொன்னா. ஒன்னு கேக்கணுமாம்."

"என்ன கேக்கணுமாம்?"

"எங்கிட்டச் சொல்லல" என்றாள் மதீனா பீவி. பிறகு வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "ராத்திரி தூங்க மாட்டேங்கா" என்றாள்.

ரஹ்மத்துல்லாவின் மனைவி சைனப் என்ன கேட்பாள் என்று அவனுக்குத் தெரியும். அடக்கம் முடிந்த நாளிலிருந்து அந்தத் தெருப்பக்கமே அவன் போகாமலிருந்தது அதற்காகத்தான். சட்டையை மாட்டிக்கொண்டு அவள் பின்னால் நடந்தான். அவன் சைக்கிள் சுவரோரம் நின்றது. ரஹ்மத்துல்லாவின் விபத்துக்குப் பிறகு அதை அவன் தொடவில்லை. வேலைக்கு ரயிலில்தான் போய்வந்தான்.

ரஹ்மத்துல்லாவுக்கு மேலப்பாளையம். இசக்கிப்பாண்டிக்கு நாங்குநேரிப் பக்கம். ஊரில் இருந்தவரை ஒருவரையொருவர் தெரியாது. பைகுல்லாவில் தோல்பெட்டி செய்யும் பட்டறையில்தான் பழக்கம். ரஹ்மத்துல்லா தோல் வெட்டுவான், இசக்கிப்பாண்டி தைப்பான். தினமும் காலையில் தாராவி முனையில் சேர்ந்துகொண்டு இரண்டு சைக்கிளும் ஒன்றாகப் போகும். மாட்டுங்கா, தாதர், பரேல் என்று வழி முழுக்க ரஹ்மத்துல்லாதான் பேசுவான். பேச்சின் வேகத்துக்கே மிதிப்பான். சிவப்பு விளக்கு எரிந்தாலும் காரும் பஸ்ஸும் நிற்கிற சந்துக்குள் புகுந்து அந்தப் பக்கம் போய்விடுவான். "அது இஞ்சின் உள்ளவனுக்கு போட்ட லைட்டுவே. நமக்கு என்ன இஞ்சினா இருக்கு?" என்பான். முன்பு வழியில் ஒரு சந்திப்பில் போக்குவரத்துப் போலீஸ் ஹவல்தார் ஒருவர் நின்று கை காட்டிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துச் சிரித்து, ஒரு சலாம் போட்டுப் போய்விடலாம். கம்பம் நட்டு விளக்குப் போட்டபிறகு, அதைப் பார்த்துச் சிரித்தாலும் ஒன்றுதான், சிரிக்காவிட்டாலும் ஒன்றுதான் என்று அவன் குறைப்பட்டுக்கொண்டான்.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன் ஒருநாள் அவன் மாட்டிக்கொண்டான். அன்றைக்கு இசக்கிப்பாண்டிக்குக் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை. விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் மறைந்து நின்ற மஞ்சள் தொப்பி ஹவல்தார் எட்டி கேரியரைப் பிடித்துவிட்டார். "ஏ மதராஸி, லால் பத்தி திக்தா நஹி க்யா?" சிவப்பு விளக்கு கண்ணுக்குத் தெரியவில்லையா என்று சட்டைக் காலரைப் பிடித்திருக்கிறார். ரஹ்மத்துல்லா அந்தக் கையைத் தட்டிவிட்டான். சாதாரண அபராதத்தோடு போயிருக்க வேண்டியது அதனால் பெரிதாகிவிட்டது. ராத்திரி முழுக்கப் போலீஸ் சௌக்கியில் உட்கார வைத்து, மறுநாள் கோர்ட்டில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அங்கே வரிசையாகச் சைக்கிள்காரர்கள்தான். லைட் இல்லாமல் வந்தவன், பின்னால் ஆள் ஏற்றி வந்தவன், சிவப்பில் நிற்காதவன். மாஜிஸ்திரேட் தலையைத் தூக்காமலே ஒவ்வொருவனுக்கும் அபராதம் போட்டு அனுப்பினார்.

இது எதுவும் வீட்டுக்குத் தெரியாது. ராத்திரி முழுக்க சைனப் வாசலில் உட்கார்ந்திருந்தாள். மதீனா பீவி பக்கத்துவீட்டு ஆளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினாள். பிணவறையில் துணியை விலக்கி விலக்கி முகம் பார்த்துவிட்டுத் திரும்பினாள். மறுநாள் சாயங்காலம் ரஹ்மத்துல்லா சைக்கிளை உருட்டிக்கொண்டு சிரித்தபடியே வந்து சேர்ந்தான். சைனப் சோறு போட்டாள். அவன் கை கழுவி வந்ததும் தூங்கிக்கொண்டிருந்த மகள் அக்தர் பானுவைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் முன்னால் நின்றாள்.

"இவ தலையில கைய வைங்க. இனிமே செவப்பு எரிஞ்சா நிப்பேன்னு சொல்லுங்க."

இதை ரஹ்மத்துல்லாவே மறுநாள் வழியில் சொன்னான். "கோர்ட்டுல எனக்குக் கை நடுங்கலவே. புள்ள தலையில வச்சப்ப நடுங்கிட்டு."

அதற்குப் பிறகு அவன் நின்றான். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லாவிட்டாலும் வெள்ளைக் கோட்டுக்கு இந்தப்பக்கம் ஒரு காலைத் தரையில் ஊன்றி நிற்பான். இசக்கிப்பாண்டி நிற்க மாட்டான். போலீஸ் இல்லையென்றால் தாண்டிப் போய், எதிர்ப்பக்க மரத்தடியில் காத்திருந்து, "வாரும் கமிஷனரே" என்று கேலி செய்வான். ரஹ்மத்துல்லா கோபப்பட்டதில்லை. "நிக்கதும் நல்லாத்தான் இருக்குவே. ஒரு பீடிக்கு மூச்சு வாங்கிக்கிடலாம்" என்பான்.

விபத்து நடந்த அன்றைக்குத் தூறல் விட்டிருந்தது. ரோடு எண்ணெய் தேய்த்ததுபோல் மின்னியது. விளக்கு மாறும்போது இருவரும் சேர்ந்துதான் வந்தார்கள். இசக்கிப்பாண்டி எம்பி மிதித்தான். "வாடே, போயிரலாம்" என்று கத்தினான். பின்னாலிருந்து, "நீ போ. நான் நிக்கேன். வீட்ல கேப்பா" என்று குரல் வந்தது. எதிர்ப்பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தபோது ரஹ்மத்துல்லா கோட்டருகே தனியாக நின்றிருந்தான். தொப்பியைக் கழற்றி நெற்றித் தண்ணீரை வழித்துக்கொண்டிருந்தான். இவன் பார்ப்பதைக் கண்டு சிரித்தான். அவனுக்குப் பின்னால் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. அதன் சக்கரங்கள் சுற்றுவது நின்றுவிட்டது. ஆனாலும் ஈரத்தில் வழுக்கி லாரி வந்துகொண்டே இருந்தது. இசக்கிப்பாண்டி கையைத் தூக்கினான். அதைக் கேலி என்று நினைத்து ரஹ்மத்துல்லாவும் பதிலுக்குக் கையைத் தூக்கினான்.

லாரிக்காரன் மீதுதான் தப்பு, இறந்தவன் ஒழுங்காகக் கோட்டில் நின்றிருந்தான் என்று போலீஸ்காரர் வீட்டில் வந்து சொல்லிவிட்டுப் போனார். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். தெருப் பெண்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். நிற்காமல் போயிருந்தால் பிழைத்திருப்பான் என்றாள் ஒருத்தி. சத்தியம் வாங்கி நிறுத்தி வைத்தாளே என்றாள் இன்னொருத்தி. மதீனா பீவி மருமகளை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அப்படியெல்லாம் இல்லை என்றும் அவள் சொல்லவில்லை.

வீட்டின் நடுவில் ஒரு சேலையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கணவன் இறந்தபின் இத்தா இருக்கும் பெண் பிற ஆண்கள் முன் வரக்கூடாது. இசக்கிப்பாண்டி பாயின் விளிம்பில் உட்கார்ந்தான். சேலைக்கு அந்தப்பக்கம் வளையல் இல்லாத கையொன்று குழந்தையைத் தட்டிக்கொடுக்கும் மெத்தென்ற சத்தம் கேட்டது. மதீனா பீவி அடுப்படியில் போய் நின்றுகொண்டாள்.

"அண்ணாச்சி" என்றது குரல். "நீங்க பக்கத்துல இருந்தீய. அவிய ஏன் நின்னாவ?"

அவன் தரையைப் பார்த்தான்.

"நான் நிக்கச் சொன்னதுக்காவத்தான நின்னாவ? உண்மையச் சொல்லுங்க. எல்லாரும் சொல்லுதாவ. நானும் அப்படித்தான் நெனைக்கேன். உங்க வாயால ஒரு தடவ கேட்டுட்டா, அப்புறம் நான் யார்கிட்டயும் கேக்க மாட்டேன்."

தட்டிக்கொடுக்கும் சத்தம் நின்றிருந்தது.

"இல்ல, தங்கச்சி" என்றான் இசக்கிப்பாண்டி. "செயின் கழண்டுட்டு."

"என்னது?"

"சைக்கிள் செயினு. ரெண்டு பேரும் தாண்டத்தான் வந்தோம். செவப்புதான் எரிஞ்சுது. அவன் நிக்கணும்னே நெனைக்கல. நான் போயிட்டேன், அவனுக்கு செயின் கழண்டு மிதி சும்மா சுத்திட்டு. அத மாட்டத்தான் எறங்கி நின்னான். போலீஸுக்கு அது தெரியாது. கோட்டுகிட்ட கெடந்ததப் பாத்துட்டு நின்னான்னு சொல்லிட்டான்."

சொல்லி முடித்ததும் அவனுக்கு மூச்சு வந்தது. அவ்வளவு லேசாக வந்துவிட்டது பொய். அந்தப்பக்கம் குழந்தையைத் தட்டும் சத்தம் மறுபடி தொடங்கியது. பிறகு குரல் மெல்லக் கேட்டது.

"அதுக்கு முந்தி? முந்தின நாளெல்லாம் நிப்பாவளா?"

இதை அவன் எதிர்பார்க்கவில்லை. நிற்பான், ஒருநாள் தவறாமல் நிற்பான், நான் கேலி செய்தும் நிற்பான் என்ற வார்த்தைகள் வாய்வரை வந்தன. அதைச் சொன்னால் முன்னே சொன்னது நிற்காது.

"போலீஸ்காரன் இருந்தா நிப்பான்" என்றான். "இல்லன்னா எங்கூட வந்துருவான்."

"புள்ள தலையில கை வச்சுச் சொன்னாவ."

அவன் பாயின் கோரை ஒன்றைப் பிய்த்தான்.

"பொய்யாவா சொன்னாவ?" சைனப் சிரித்தாள். சிரிப்பு என்றுதான் முதலில் நினைத்தான். "பாருங்களேன் மாமி, உங்க மவனை. புள்ள தலையில கைய வச்சு என்னய ஏமாத்திட்டு, தெனமும் சாயங்காலம் வந்து நின்னேன் நின்னேன்னு சொல்லுவாவ. நான் சிரிப்பேன். மனுசன் என் பேச்ச ஒன்னாவது கேக்காவளேன்னு..." அதற்குமேல் வரவில்லை. "நான்தான் கொன்னுட்டேன்னு இருந்தேன் அண்ணாச்சி" என்றாள். பிறகு அழத் தொடங்கினாள். அடக்கத்தன்று கேட்ட அழுகை இல்லை இது. பாரம் இறங்கிய அழுகையா, இருந்த ஒன்றும் கைவிட்டுப் போனவளின் அழுகையா என்று இசக்கிப்பாண்டிக்குப் புரியவில்லை. சேலைக்கு அந்தப்பக்கம் அவள் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்தால் தெரியும். பார்க்க முடியாது. எழுந்து, சொன்னதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் நின்றான். குழந்தை விழித்துச் சிணுங்கியது. அவன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

சந்தின் கடைசியில், சாக்கடையை ஒட்டி, சாக்குப் போட்டு மூடிய ஏதோ ஒன்று சாய்ந்து நின்றது. சாக்கின் கீழே ஹாண்டில்பார் தெரிந்தது. போலீஸில் ரஹ்மத்துல்லாவின் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அவன் சாக்கை விலக்கினான். பின்சக்கரம் அப்பளம்போல் நெளிந்திருந்தது. சீட்டு ஒருபக்கமாகத் திரும்பியிருந்தது. செயின் மட்டும் கழலவில்லை. பல்லில் பல்லாகப் பொருந்தி, நேற்றுத்தான் எண்ணெய் விட்டதுபோல் இறுக்கமாக இருந்தது.

இத்தா முடிந்து ஒருநாள் அவள் இந்தச் சந்துக்கு வந்து இதைப் பார்ப்பாள். இசக்கிப்பாண்டி குந்தி உட்கார்ந்து செயினைப் பிடித்து இழுத்தான். நெளிந்த சக்கரம் சுற்றவில்லை. விரல் நசுங்கியது. தகரத் துண்டு ஒன்றைக் கண்டுபிடித்து நெம்பினான். ஒரு பல், இன்னொரு பல் என்று விட்டுக்கொண்டே வந்து, கடைசியில் செயின் முழுவதும் சொத்தென்று தொங்கியது. முழங்கைவரை கறுப்பு அப்பியிருந்தது. நிமிர்ந்தபோது மதீனா பீவி நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ தெரியவில்லை. கையில் செம்பும் ஒரு துண்டு சோப்பும் இருந்தன.

அவள் தொங்கும் செயினைப் பார்த்தாள். பிறகு செம்பைச் சாய்த்தாள். அவன் இரண்டு கையையும் நீட்டினான். வீட்டுக்குள் சைனப் இன்னும் அழுதுகொண்டிருந்தாள். சோப்பு கறுத்ததே தவிரக் கை வெளுக்கவில்லை. மதீனா பீவி உள்ளே போய் மறுபடியும் செம்பை நிறைத்துக்கொண்டு வந்து, அவன் விரல்களைத் தன் கைக்குள் பிடித்து, ஒவ்வொன்றாகத் தேய்க்கத் தொடங்கினாள்.