நூற்றியொன்றாவது ஆள்

1

இந்தக் கதை எனக்கு ஓர் ஆட்டெலும்பிலிருந்து கிடைத்தது. மற்ற எழுத்தாளர்களுக்குக் கனவில் கிடைக்கிறதாம், மழையில் கிடைக்கிறதாம். எனக்கு இவ்வளவுதான் கொடுத்துவைத்திருக்கிறது. பிஷ்கெக்கில் என் மேல்வீட்டுக்காரி பெர்மெத் ஒரு கிளவுட் கம்பெனியில் பொறியாளர். ஒருநாள் என் சமையலறையில் உட்கார்ந்து, தேநீரை ஆறவிட்டுவிட்டு, "அன்னிக்கு விருந்துல ஒருத்தருக்கு எலும்பு கிடைக்கல" என்று ஆரம்பித்தாள். நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்க வேண்டாம்.

தொடக்க வரிகளாக எழுதிப் பார்த்தவை:

மலைமுகட்டில் பொன்னொளி படரும் அந்தி வேளையில்— (வேண்டாம். இங்கே எல்லா ஜன்னலிலும் மலை தெரியும், யாரும் பார்ப்பதில்லை.)

தகவல் யுகத்தில் மனிதன் என்பவன்— (ஐயோ.)

பெர்மெத் பட்டியலைப் பக்கம் பக்கமாகக் கேட்டாள். (இது இருக்கட்டும்.)

2

பெர்மெத் பட்டியலைப் பக்கம் பக்கமாகக் கேட்டாள். வேறு வழியில்லை. கம்பெனியின் பழைய கிடங்கில் ஆயிரத்துச் சொச்சம் மெய்நிகர் கணினிகள் ஓடிக்கொண்டிருந்தன. தனக்கென்று பெட்டி இல்லாத கணினிகள். ஓர் இரும்புப் பெட்டிக்குள் பல வாடிக்கையாளர்கள் ஒண்டுக்குடித்தனம்.* "எல்லாரையும் காட்டு" என்றால் அந்த மென்பொருள் காட்டாது. முதல் நூறு பேரைக் காட்டிவிட்டு நிற்கும். மேலே வேண்டுமென்றால் மறுபடி கேட்க வேண்டும்.

கேட்பதற்கு இரண்டு வழி. "நூற்றியொன்றாவது ஆளிலிருந்து கொடு" என்பது ஒன்று. கடைசியாக வந்தவரின் பெயரைச் சொல்லி, "இவருக்கு அப்புறம் யார்?" என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு நிரலில் நாலு வரி கூடுதலாக எழுத வேண்டும். பெர்மெத் முதலாவதை எழுதினாள். சோம்பல் என்று சொல்லமாட்டேன். அவசரம் என்பது அதற்கு அலுவலகத்தில் வைக்கும் பெயர்.

வேலை இதுதான்: ஒவ்வொரு கணினியையும் புதிய கிடங்குக்கு நகலெடுக்க வேண்டும். பிறகு பழைய கிடங்கை மொத்தமாக அழித்து, வாடகை வட்டுகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இயக்குநர் ஜூமாகதிர் இதற்கு 'மாபெரும் கோச்' என்று பெயர் வைத்தார். கோச் என்றால் நாடோடிகள் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு குடிபெயர்வது. வெள்ளைக் கம்பளித் தொப்பியோடு அலுவலகம் வந்து, "நம்ம பாட்டன்மாருங்க ஒட்டகத்துல ஏத்தினாங்க, நாம சர்வர்ல ஏத்தறோம்!" என்றார். அவருடைய பாட்டனார் ரயில்வே குமாஸ்தா.

(அந்தப் பேச்சு முழுவதும் இங்கே தனிப் பிரிவாக இருந்தது. உங்கள் ஆயுளை நினைத்து எடுத்துவிட்டேன். பின்னாலிருந்த பிரிவுகள் ஆளுக்கு ஓரிடம் முன்னால் நகர்ந்தன. அதனால் ஒன்றும் கெட்டுவிடாது என்றுதான் நினைத்தேன்.)

நகலெடுத்து முடிந்தது. பழையதில் எத்தனை, புதியதில் எத்தனை என்று பெர்மெத் எண்ணிப் பார்த்தாள். இரண்டும் ஒன்று. கோச் முடிந்ததைக் கொண்டாட அன்று இரவு ஜூமாகதிர் வைத்த விருந்துக்கு உடுத்தக் கிளம்பினாள். பழைய கிடங்கை அங்கே எல்லார் முன்னாலும் அழிப்பதாக ஏற்பாடு.

* இதைவிட நல்ல உவமை தெரிந்தவர்கள் ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம். இடம் விட்டிருக்கிறேன்.

3

இங்கே விருந்தில் ஆளுக்கு ஒரு கறியெலும்பு வைப்பது வழக்கம். வீட்டு விருந்தென்றால், யாருக்கு எந்த எலும்பு, யாருக்கு அப்புறம் யார் என்பது பரிமாறுகிறவருக்குத் தெரியும். வயசும் மரியாதையும் பார்த்துக் கொடுப்பார். ஜூமாகதிரோ உயர்ரக கேட்டரிங் அமர்த்தியிருந்தார். வில் மாதிரி டை கட்டிய மேலாளர் நாற்காலிகளை எண்ணினார். பத்துப் பேருக்கு வைப்பார், சமையலறைக்குப் போவார், பதினொன்றிலிருந்து தொடர்வார்.

முதல் பத்துப் பேருக்கு வைத்துவிட்டு அவர் உள்ளே போன நேரத்தில், மேல்வரிசையிலிருந்த வங்கிக்காரர் தன் எலும்பைப் பொட்டலம் கட்டிக்கொண்டு கிளம்பினார். மரியாதைக்குரிய இடம் காலியாக இருக்கலாமா? எல்லாரும் ஓரிடம் மேலே நகர்ந்தார்கள். பதினொன்றாவதாக இருந்த கணக்காளர் சத்தார்குல் பத்தாவதானார். மேலாளர் திரும்பிவந்தார், பதினொன்றாவது நாற்காலியிலிருந்து தொடர்ந்தார்.

"சத்தார்குல் பைக்கே, உங்க எலும்பு எங்கே?" என்றாள் எதிரிலிருந்த பெர்மெத். இங்கே மூத்தவர்களை அண்ணன் முறையில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"என்னை டயட்ல வச்சுட்டாங்க போலம்மா."

"ஏங்க, இவருக்கு வரலியே!"

மேலாளர் நிமிர்ந்தார். "வந்திருக்கணுமே. உக்காந்திருக்கறது இருபத்தொம்போது, வச்சதும் இருபத்தொம்போது. கணக்கு சரி."

"கணக்கு சரிதான் தம்பி. தட்டுதான் காலி."

மேசையே சிரித்தது. சமையலறையில் மிஞ்சியிருந்த ஒன்று, ஆறிப்போய், சத்தார்குலுக்கு வந்து சேர்ந்தது. பெர்மெத் மட்டும் தன் எலும்பைத் தட்டில் திரும்ப வைத்தாள். அன்று நகலெடுக்கும்போது, முதல் பக்கம் முடிந்த கையோடு, யாரோ ஒரு வாடிக்கையாளர் தன் கணினியைத் தானே நீக்கியிருந்தார். அவள் பார்த்தாள். நமக்கென்ன என்று விட்டாள். அப்படியானால் எல்லாரும் ஓரிடம் மேலே— அப்படியானால் நூற்றியொன்றாவது ஆள்— எண்ணிக்கை மட்டும் சரியாக—

ஜூமாகதிர் மடிக்கணினியைத் திறந்து, அழிக்கும் பொத்தானுக்கு மேலே விரலைத் தூக்கிவிட்டார். காப்புநகல்கள் உட்பட பழைய கிடங்கு மொத்தமும் அந்த விரலுக்குக் கீழே இருந்தது. தொடங்கினால் நிறுத்த முடியாது.

பெர்மெத் அவரைப் பார்த்து எழுந்தாள். "பைக்கே, ஒண்ணு சொல்லணும்."

"பாத்தீங்களா, நம்ம பெர்மெத்! சொல்லும்மா, நாலு பேர் கேக்கச் சொல்லு. ஏய், மைக்கைக் குடுங்கப்பா!"

மைக் வந்தது. எல்லா முகமும் திரும்பியது. செல்போன்கள் உயர்ந்தன. 'பத்து நிமிஷம் பொறுங்க' என்றால் போதும். சரிபார்க்க அவ்வளவுதான் ஆகும். ஒருவேளை தப்பில்லாமல் இருந்துவிட்டால்? இத்தனை பேர் முன்னால்?

"நம்ம கம்பெனி..." என்றாள். "நம்ம கம்பெனி மலை மாதிரி நிக்கணும். எல்லாரும் நோய்நொடி இல்லாம இருக்கணும்."

கைதட்டல். விரல் இறங்கியது.

4

பிரிவு எண்களைப் பாருங்கள், வரிசையாகத்தான் இருக்கின்றன. ஆனாலும் இந்தக் கதையில் ஒருவர் விட்டுப்போயிருக்கிறார். இயக்குநரின் பேச்சை எடுத்தபோது இடம் நகர்ந்து, என் கண்ணில் படாமல் போன பிரிவில் இருந்தவர். நீங்கள் அவரை முன்பே சந்தித்திருக்க வேண்டும். மன்னியுங்கள், இப்போது ஆறிப்போய்த்தான் பரிமாறுகிறேன்.

அவர் பெயர் சபாரலி, ஓய்வுபெற்ற பனிப்பாறை ஆய்வாளர். பட்டியலில் நூற்றியொன்றாவதாக இருந்த அவருடைய கணினியின் பெயர் 'முஸ்', அதாவது பனிக்கட்டி. மலைமேல் ஒரு சின்னப் பனிப்பாறைக்கு எதிரே கேமரா வைத்து, தினம் ஒரு படமாக, இருபது வருஷப் படங்களை அதில் சேர்த்திருந்தார். போன கோடையில் பனிப்பாறை முழுக்க உருகிவிட்டது. படங்கள் இருந்தன. இப்போது புதிய கிடங்கில் அந்தப் படங்களுக்குப் பதிலாக, மூடிப்போன செருப்புக்கடை ஒன்றின் கணினி, அதன் சொந்தக்காரரே வேண்டாமென்று நீக்கியது, ஜோராக ஓடிக்கொண்டிருக்கிறது.

(முதல் வரைவில், எலும்பு கிடைக்காதவரே சபாரலிதான். அழகாகப் பொருந்தியது. அவ்வளவு அழகு உண்மையில் இருக்காது என்பதால் எழுப்பி அனுப்பிவிட்டேன். அவரை யாரும் விருந்துக்கு அழைக்கவில்லை.)

அவர் அலுவலகத்துக்கு வந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"உங்க டைரக்டர் தங்கமான மனுஷன்மா. புதுக் கேமரா வாங்கித் தர்றோம், திரும்ப எடுத்துக்குங்கன்னு சொல்றார்."

பெர்மெத் அவருக்குத் தேநீர் ஊற்றினாள்.

"எதை எடுக்கச் சொல்றார்? அங்க இப்போ கல்லுதான் கிடக்கு."

"தொழில்நுட்பக் கோளாறு, பைக்கே."

"அட, அதுக்கு நீ ஏம்மா அழறே? எனக்கு யார் மேலயும் கோவமில்ல. தெரிஞ்சே யாரும் பண்ணியிருக்க மாட்டாங்களே."

இந்த வாக்கியத்துக்குப் பிறகு நான் என்னென்னவோ எழுதி அடித்தேன். அவளுக்கு அது எப்படி— அவள் உள்ளே ஏதோ ஒன்று— வேண்டாம்.

5

முடிவுகள், கையிருப்பில் உள்ளவை:

சபாரலியின் தம்பி வீட்டுப் பரணில் ஒரு நகல் அகப்படுகிறது. எழுதியும் பார்த்தேன். சர்க்கரை அதிகம்.

பெர்மெத் வேலையை விட்டுவிட்டு மலையேறி, அந்தக் கற்களுக்கு நடுவே நின்று அழுகிறாள். பின்னணி இசைக்கு என்னிடம் ஆள் இல்லை.

ஜூமாகதிருக்கு விருது கிடைக்கிறது. 'ஒரு கணினிகூட எண்ணிக்கையில் குறையவில்லை' என்று மேடையில் பேசுகிறார். இது முடிவில்லை, நடந்தது. பொய்யுமில்லை, எண்ணிக்கையில் குறையவில்லைதான்.

நிரலை அவள் திருத்திவிட்டாள். இப்போது அது பெயரைச் சொல்லி, "இவருக்கு அப்புறம் யார்?" என்றே கேட்கிறது. நாலே வரி.

சபாரலி இப்போதெல்லாம் அவளைப் பார்க்க வருகிறார், ஒரு பை உலர்ந்த ஆப்ரிகாட் பழத்தோடு. அந்தக் கம்பெனியில் தனக்காக அழுத ஒரே ஆள் அவள் என்பதால் இந்த மரியாதை. பெர்மெத்தால் அந்தப் பழத்தைச் சாப்பிட முடிவதில்லை. எனக்குக் கொடுத்துவிடுகிறாள். நான் சாப்பிடுகிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் என் கதவைத் தாண்டி மேலே ஏறுகிறார். வழியில் மூச்சு வாங்க நிற்கிறார். மணி அடிக்கிறது. நாற்காலி இழுபடுகிறது. பிறகு, என் தலைக்கு மேலே, பெர்மெத்தின் குரல்:

"பைக்கே, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லும்மா."

இதற்கு மேல் எனக்குக் கேட்கவில்லை. அடுத்த வரியை நீங்களே அவள் வாயில் வையுங்கள். மைக் இல்லை, பொத்தான் இல்லை, எதிரே ஒரே ஓர் ஆள். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: எழுந்து நின்றாகிவிட்டது, வாழ்த்திவிட்டு மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள்.