மேல்பக்கத்து வெல்டிங்

புகைப் பரிசோதனையில் டாக்ஸிக்காரர் இரண்டு முறை தோற்றிருந்தார். மூன்றாவது இன்று மாலை நான்கு மணிக்கு. இதிலும் போனால் பெர்மிட் ரத்து. பெர்மிட் போனால் அந்த மனுஷனுக்கு இருபது வருடமாகத் தெரிந்த ஒரே பிழைப்பும் போச்சு. காலையிலேயே வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு, டோக்கன் வாங்கப் பரிசோதனை நிலையத்துக்கு ஓடியிருந்தார்.

ஒர்க்‌ஷாப் அண்ணனுடையது. பலகையில் அவர் பேர்; வாசலில் நின்று வாய் கிழியப் பேசுவதும் அவரே. தங்கைக்கு வெல்டிங். அதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்பார்கள். எதைக் கழற்றுவது, எதை மாற்றுவது என்பதெல்லாம் அண்ணன் பாடு. அவள் மேசைக்கு வந்ததை அவள் ஒட்டிக் கொடுப்பாள், அவ்வளவுதான்.

இரண்டு தடவையும் அண்ணன் சென்சாரை மாற்றிவிட்டு, "இனிமே டேஷ்போர்டுல இன்ஜின் விளக்கு எரிஞ்சா என்னைக் கேளுங்க" என்று மார்தட்டினார். விளக்கு ஜம்மென்று எரிந்தது. இன்று அவர் உதிரிப்பாகக் கடைக்குப் போயிருந்த நேரத்தில், மனசு கேட்காமல் தங்கையே கோளாறைக் காட்டும் ஸ்கேனரை வண்டியில் செருகினாள்.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒன்று. முன்னால் இருப்பதன் கோடு ஸ்கேனரில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். கன்வெர்ட்டர் புகையைச் சுத்தம் செய்கிறதென்றால் பின்னால் இருப்பது ஏறக்குறைய ஆடாமல் கிடக்க வேண்டும். திரையில் இரண்டு கோடும் சேர்ந்து குதித்தன. வண்டியைத் தூக்கி, அடியில் போய் வெப்பமானியை நீட்டினாள். புகை உள்ளே போகும் வாயைவிட வெளியே வரும் வாய் அதிகம் சுட வேண்டும். இதில் குறைவாகச் சுட்டது. சென்சார் பாவம், உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறது. உண்மை சொன்ன குற்றத்துக்கு இரண்டு சென்சாரைக் கழற்றி எறிந்திருக்கிறார் மகராசன்.

சூடு ஆறியதும் கன்வெர்ட்டரைக் கழற்றினாள். கையில் எடையே தெரியவில்லை. ஒரு வாயில் டார்ச் அடித்தாள். மறு வாயில் எதிர்ச் சுவர் பளிச்சென்று தெரிந்தது. உள்ளே தேனடை போல நெருக்கமான கண்களோடு இருக்க வேண்டிய பீங்கான் கட்டி, மொத்தமாகக் காணோம்.

"எந்தப் படுபாவி பண்ணின வேலை இது!" என்று வாய்விட்டே திட்டினாள். "நல்லா இருப்பானா அவன்!"

திட்டிக்கொண்டே புரட்டினாள். வண்டிக்கு அடியில் நின்று பார்த்தால் தெரியாத மேல்பக்கத்தில் நீளமாக ஒரு வெல்டிங். சீரான வெல்டிங். முடிகிற இடத்தில் விரிசல் விழாமல் இருக்க அரை அங்குலம் பின்னால் வந்து நிறுத்தியிருந்தது. இந்த ஊரில் அப்படி நிறுத்துகிறவள் ஒருத்திதான்.

போன வருடம் அண்ணன் இதைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார். "தகடு விரிஞ்சிருக்கு, ஒட்டிக் குடு" என்றார். இரண்டு வாயிலும் பழைய துணியைத் திணித்திருந்தார். பொறி உள்ளே போகக் கூடாதாம். அட, அண்ணனுக்கு வேலையில் இத்தனை கவனமா என்று அவள் பெருமைப்பட்டாள்! இதைத் தவிரத் துணி அடைத்து வந்தவை எத்தனை என்று நினைத்துப் பார்த்தாள். ஏழு வண்டிவரை ஞாபகம் வந்தது. அதற்குமேல் எண்ண அவளுக்குத் தைரியம் இல்லை.

அண்ணன் வந்தார். அவர் கக்கத்தில் ஒரு புதுப் பெட்டி. அதில் புதுக் கன்வெர்ட்டர்.

"அப்போ உனக்கு முதல்லயே தெரியும்," என்றாள் தங்கை. "தெரிஞ்சுதான் சென்சார், சென்சார்னு அவரை அலைய விட்டிருக்கே."

அண்ணன் கழன்று கிடந்ததைப் பார்த்தார். கக்கத்துப் பெட்டியை மேசையில் வைத்தார். "கத்தாதே. உள்ள இருக்கிற பிளாட்டினத்துக்கு நல்ல கிராக்கி. ஊர்ல எவன் பண்ணலை? மட்டமான பெட்ரோல், உதிர்ந்து போச்சுன்னு சொல்லி இதை மாட்டி அனுப்பு."

"வெட்கமா இல்லையா உனக்கு? அந்த ஆளு பிழைப்பு அண்ணா!"

"அதுக்குத்தானே புதுசு வாங்கிட்டு வந்தேன்?"

டோக்கனும் கையுமாக டாக்ஸிக்காரர் வாசலில் நின்றார். "என்னம்மா, என்ன கோளாறுன்னு தெரிஞ்சுதா?"

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள். "கன்வெர்ட்டருக்குள்ள கட்டியே இல்லைங்க ஐயா. போன வருஷம் இங்கேதான் எடுத்திருக்காங்க. அண்ணன்தான்."

"ஓஹோ!" என்று சிரித்தார் அண்ணன். "நான் மட்டுமா? அந்த வெல்டிங் யாரு போட்டதுன்னு அவளையே கேளுங்க."

டாக்ஸிக்காரர் அவளைப் பார்த்தார். தெரியாமல் போட்டேன், துணி அடைத்திருந்தது, உள்ளே பார்க்கவில்லை. எல்லாம் தொண்டைவரை வந்தன. பார்க்காதது யார் தப்பு?

"நான் போட்டதுதான்," என்றாள்.

மணி இரண்டரை. வேறு ஒர்க்‌ஷாப் தேடிப் போக அவருக்கு நேரம் இல்லை. புதுக் கன்வெர்ட்டரைப் பெட்டியிலிருந்து அவரே எடுத்தார். வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே கட்டி இருக்கிறதா என்று வெகுநேரம் பார்த்தார். அப்புறம்தான் அவளிடம் நீட்டினார். "மாட்டு. போல்ட் மட்டும் போதும். எதையும் ஒட்ட வேணாம்."

அவள் அடியில் போய் மாட்டினாள். இத்தனை வருடத்தில் ஒருநாளும் இல்லாத வழக்கமாக, அவர் பின்னாலேயே வந்து குனிந்து நின்று அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க அண்ணனை எனக்கு எப்பவுமே பிடிக்காதும்மா," என்றார் மெதுவாக. "உன் கையை நம்பித்தான் இங்க வந்துக்கிட்டு இருந்தேன்."

அவள் கடைசி நட்டை முறுக்கிவிட்டு நகர்ந்தாள். அவர் கையை உள்ளே விட்டு, ஒவ்வொரு நட்டாக ஆட்டிப் பார்த்தார்.