சிலுவைமுத்துவின் இடது கைக்கு ஒரு பலகை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மனத்தில் தானாக உதிக்கவில்லை. ரெட்டியார்சத்திரம் பக்கம் இருக்கும் ஒரு மறுவாழ்வு மையம் தன் ஆண்டறிக்கைக்கு ஒரு 'வெற்றிக் கதை' கேட்டது. ஒரு பக்கம், ஒரு புகைப்படம். படத்தில் பயனாளி சிரிக்க வேண்டும். எனக்கு மதியச் சாப்பாடு. (தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இரண்டு. நான் விலைபோக அது போதும்.)

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: "விதியின் கொடுங்கரங்கள் சிலுவைமுத்துவின் இடக்கரத்தை—"

நிறுத்திவிட்டேன். விதிக்கு எதற்கு இத்தனை கரங்கள்? சிலுவைமுத்துவுக்கு இருந்ததே இரண்டு.

2

மறுபடி.

வத்தலக்குண்டு பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஆண்டிச்சாமியின் கடையில் சிலுவைமுத்து இருபத்திரண்டு வருடம் பரோட்டா மாஸ்டர். கொடைக்கானல் வண்டி வந்து நின்றதும், வெந்த பரோட்டாக்களை அடுக்கி இரண்டு கையாலும் பக்கவாட்டில் அடிப்பார். அந்தச் சத்தத்துக்குத்தான் ஆட்கள் இறங்குவார்கள். கடைக்கு வேறு பெயர்ப்பலகை கிடையாது.

போன வருடம் பக்கவாதம். கால் தேறியது. இடது கை பாதி தேறியது.

பிரிஸ்கில்லா அந்த மையத்தில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். பிஸியோதெரபிஸ்ட் ஆளை நடக்க வைப்பார். இவர், நடந்து எங்கே போகப்போகிறீர்கள் என்று கேட்பார். கேட்டார்.

"பரோட்டாக் கல்லுக்குத்தான், தாயி. வேற எங்க போறது?"

ஆனால் மையத்தின் படிவத்தில் மூன்றே தொழில்கள்: மெழுகுவத்தி, பினாயில், காகிதக் கவர். (நாதஸ்வரக்காரர் ஒருவர் இப்போது பினாயிலில் இருக்கிறார்.) நிர்வாகி பெயரைப் பார்த்தார். "சிலுவைமுத்துவா? மெழுகுவத்தி பொருத்தமா இருக்கும்" என்று டிக் அடித்தார்.

3

வெதுவெதுப்பான மெழுகு கைக்கு வந்ததும் சிலுவைமுத்து அதைப் பிசைந்தார், தட்டினார், இழுத்துச் சுருட்டி வட்டமாக வைத்தார். பற்றவைத்தால் அடுக்கடுக்காக எரியும் போலிருந்தது. பெருமையாக அதைக் காட்டிக்கொண்டிருக்கும்போது உருகிய மெழுகு அவர் இடது கையில் கொட்டியது. அவர் பேச்சை நிறுத்தவில்லை.

"அண்ணே, கை" என்றார் பிரிஸ்கில்லா.

"கைக்கென்ன?"

கை சிவந்து கொப்பளித்துக்கொண்டிருந்தது. அவருக்குத் தெரியவில்லை. அந்தக் கைக்குச் சூடு எட்டவில்லை.

[இங்கே உருக்கமாக ஒரு பத்தி எழுதி, இரண்டு இடத்தில் கண்ணீர் வைத்திருந்தேன். நீக்கிவிட்டேன். அவர் அழவில்லை. "மாஸ்டருக்குச் சூடு தெரியாட்டி லாபந்தானே" என்றார். பிரிஸ்கில்லாதான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.]

4

பிரிஸ்கில்லா ஒரு நோட்டோடு வத்தலக்குண்டு போனார். கடையில் உட்கார்ந்து, அங்கே நின்ற தற்காலிக மாஸ்டரின் இடது கை எத்தனை முறை சூட்டுக்குப் போகிறது என்று எண்ணினார்.

"சுகாதார ஆபீசா, பாப்பா?" என்றார் ஆண்டிச்சாமி.

"இல்லண்ணே. சிலுவைமுத்து அண்ணன் திரும்பி வர்றதுக்கு வேலைய அளந்து பாக்கேன்."

பிறகு இரண்டு மாதம் பயிற்சி. மாவுக்குப் பதில் ஈரத் துண்டை வீசுவது. ("நேத்துச் சேந்தவனுக்குக் குடுக்குற வேலைய எனக்குக் குடுக்குறியே, தாயி.") திருப்புவதெல்லாம் வலது கை. அடிப்பதற்கு, இடது கையில் கட்டிக்கொள்ள ஒரு வேப்பம் பலகை. பலகை அணைத்து நிற்கும். வலது கை அடிக்கும்.

ஆண்டிச்சாமி அந்தச் சத்தத்தைக் கேட்டார். "இது 'பட்'டுன்னு இல்ல, 'டொக்'குன்னுல்ல கேக்குது. இதுக்கு எவன் எந்திரிச்சு வருவான்? சரி, வெள்ளிக்கிழமை அஞ்சு மணி கொடைக்கானல் வண்டிக்கு நிக்கச் சொல்லு. ஆளு இறங்குனா கல்லு அவனுக்கு. இறங்கலேன்னா மெழுகுவத்தியவே சொல்லிக்குடு."

5

ஆண்டறிக்கை அச்சுக்குப் போகவேண்டிய அவசரம். வெள்ளிக்கு முன்பே முடிவுகளை எழுதிவிட்டேன்.

முடிவு அ (நிர்வாகிக்கு): வண்டியே காலியாகிறது. ஓட்டுநரும் இறங்குகிறார். சிலுவைமுத்து சிரிக்கிறார். க்ளிக்.

முடிவு ஆ (இலக்கியப் பத்திரிகைக்கு): யாரும் இறங்கவில்லை. பரோட்டா ஆறுகிறது. தூறல்.

இரண்டையும் பிரிஸ்கில்லாவிடம் காட்டினேன். "சார், வெள்ளிக்கிழமை இன்னும் வரலையே" என்றார். அது எனக்குத் தோன்றவே இல்லை.

6

வெள்ளி. பிரிஸ்கில்லாவோடு நானும் போனேன். இரண்டு பரோட்டா தின்றேன். கடைக்குள் இருப்பவன் இறங்கியவனாக மாட்டான் என்று ஆண்டிச்சாமி கறாராகச் சொல்லிவிட்டார்.

வண்டி வந்து நின்றது. டொக். ஒருவரும் எழவில்லை. டொக். ஒரு பெண்மணி ஜன்னலைச் சாத்தினார்.

சிலுவைமுத்து பலகையின் கட்டை அவிழ்க்க ஆரம்பித்தார். "ஒரே ஒரு தடவ, தாயி. வெறுங்கையால. எனக்குத்தான் சுடாதே."

"சுடும்ணே. உங்களுக்குத் தெரியாது, அம்புட்டுதான். அடுத்த வெள்ளிக்கு அடிக்கக் கை வேணும்ல?"

அவர் வண்டியைப் பார்த்தார். கையைப் பார்த்தார். கட்டை மறுபடி இறுக்கிக்கொண்டு, அடுக்கை இழுத்து வைத்தார்.

நிர்வாகியின் படிவத்தில் 'வேலையில் சேர்ந்தார்: ஆம் / இல்லை' என்று இரண்டு கட்டங்கள்தான். என்னிடமும் அ, ஆ என்று இரண்டுதான். இரண்டையும் மடித்துப் பையில் வைத்துவிட்டேன். ஏனென்றால், அந்த வண்டியில் மூன்றாவது வரிசை ஜன்னலோரம் உட்கார்ந்து இவ்வளவு நேரம் இதைப் படித்துக்கொண்டிருப்பவர் நீங்கள்.

வண்டி பத்து நிமிடம் நிற்கும். வெளியே 'டொக்' என்று மூன்றாவது முறை கேட்கிறது, பாருங்கள். அது பலகைச் சத்தம். பரோட்டா பழையபடிதான்; நான் தின்று பார்த்துவிட்டேன். வண்டியே காலியாக வேண்டாம்.

ஒரு ஆள் இறங்கினால் போதும்.