யார் கழுவிய உடல்

அமெரிக்காவில் கேட்டி என்ற ஊரில் தமிழ் ஃபெலோஷிப் சபை கூடும் ஞாயிறுகளில் சாட்சி சொல்லும் நேரம் என்று ஒன்று உண்டு. யாராவது எழுந்து, ஆண்டவர் தன்னைக் காப்பாற்றிய கதையைச் சொல்வார்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆனால் ஸ்வர்ணா கூட்டிச் சொன்னது ஜோசபினின் வயிற்றில் நெருப்பை அள்ளிக் கொட்டியது. இரண்டு வருஷத்துக்கு முன், 1990இல், ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தபோது இருவரும் அங்கே ஒரே ஆஸ்பத்திரியில் நர்ஸ்கள். ஒரு காலை, சிப்பாய்கள் சுட்டுக்கொன்ற ஒரு பையனின் உடலை வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். உடம்பெல்லாம் சிகரெட்டால் சுட்ட புண். அதைக் கழுவித் துணி சுற்றியவள் ஜோசபின். ஸ்வர்ணா தன் கையால் கழுவியதாக மைக்கில் சொன்னாள். சபையே அழுதது. அப்புறம் உள்ளூர்ப் பத்திரிகையில் அவள் படம் வேறு. படத்தில் நல்ல புடவை.

போர்க் குற்றங்களுக்கு ஆதாரம் திரட்டும் வக்கீல் அம்மாள் ஒருத்தி அந்தச் செய்தியைப் படித்துவிட்டு வாக்குமூலம் வாங்க வந்தாள். ஆராதனை முடிந்ததும் காபி மேஜையிலேயே ஸ்வர்ணாவை உட்காரவைத்து இரண்டு பக்கம் எழுதிவிட்டாள். ஜோசபினுக்குத் தாங்கவில்லை. நேரே போய் நின்றாள்.

"அன்னிக்கு இவ டூட்டிலயே இல்ல. காய்ச்சல்னு ஹாஸ்டல்ல படுத்திருந்தா. கழுவினது நான்."

அதையே ஆங்கிலத்திலும் சொன்னாள். ஸ்வர்ணா மறுக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள். வக்கீல் அந்த இரண்டு பக்கத்தையும் குறுக்கே கோடு போட்டு அடித்தாள். ஜோசபினுக்கு மோர் குடித்த மாதிரி இருந்தது.

புதுத் தாளில் எந்தப் படைப்பிரிவு, எத்தனை பேர் என்றெல்லாம் கேட்டாள் வக்கீல். அந்தப் படைக்குத் துப்பாக்கி விற்ற நாடுகள் மேல் கேஸ் இல்லையா என்று ஜோசபினின் கணவர் சுந்தர்சிங் இடையில் கேட்டார். இந்தப் படிவத்தில் அதற்கு இடமில்லை என்றாள். பிறகு பையனின் பெயரைக் கேட்டாள்.

ஜோசபினுக்கு அவனுடைய பச்சைச் சட்டை ஞாபகம் இருந்தது. நகம் பிடுங்கிய விரல்கள் ஞாபகம் இருந்தன. பெயர் மட்டும் வரவில்லை. பெயர் இல்லாவிட்டால் குடும்பத்தைத் தேட முடியாது, கேஸ் நிற்காது என்று வக்கீல் பேனாவை மூடினாள்.

"யூசுஃப்," என்றாள் ஸ்வர்ணா. "அப்பா பேரு அப்துல்லத்தீஃப். அவன் ஐடி கார்டுல பாத்ததா அன்னிக்கு ராத்திரி நீதான் அழுதுகிட்டே சொன்ன. காலையில, இனிமே அதைப் பத்தி வாயத் திறக்காதன்னுட்ட. நான் பைபிள் அட்டையில எழுதி வச்சுக்கிட்டேன். தினம் அவனுக்காக ஜெபம் பண்ணுவேன். பண்ணிப் பண்ணி நான்தான் கழுவினேன்னே ஆயிடுச்சு ஜோஸு."

பைபிளை எடுத்து நீட்டினாள். பேனா எழுத்து பாதி அழிந்திருந்தது.

ஸ்வர்ணா ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, ஜோசபின் வாக்குமூலத்தில் தன் கையாலேயே பெயரை எழுதினாள். கையெழுத்தும் போட்டாள். இனி அவள்தான் சாட்சி, நினைத்தபடியே நடந்துவிட்டது. ஆனாலும் வயிறு எரிந்தது. தான் ஒரு நாள் கழுவிவிட்டு மறந்தவனை இவள் இரண்டு வருஷம் வைத்துக்கொண்டிருந்தாளே என்று எரிந்தது.