நாற்பது பங்கு முதலாளி

அக்காவுக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் கவலை. ஃபேன் கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் பிரிவில் சூப்பர்வைசர் அவள். பத்தொன்பது வருஷ சர்வீஸ். அந்தப் பிரிவை மூடிவிட்டுக் காயிலை வெளியே வாங்கப் போகிறார்களாம் என்று மூணு மாசமாகக் கேன்டீனில் ஒரே பேச்சு. நிஜமா பொய்யா என்று யாருக்கும் தெரியவில்லை. மேனேஜர் கண்ணில் படாமல், வாயைத் திறக்காமல் எப்படியாவது வேலையைக் காப்பாற்றிக்கொள்ள அவள் படாத பாடு பட்டுக்கொண்டிருக்க, கூடப் பிறந்த தம்பி என்று ஒருத்தன் இருக்கிறானே, அவன் போய் அதே கம்பெனியில் நாற்பது பங்கு வாங்கித் தொலைத்தான்.

வாங்கினவன் சும்மா இருந்தானா? பிளம்பர் அவன். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் டூல் பையோடு ஃபேக்டரிக்கு வந்து, கேட்டுக்குப் பக்கத்தில் சொட்டிக்கொண்டிருந்த குழாயைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்துவிட்டான். வாட்ச்மேன் தடுத்தால், "என் கம்பெனித் தண்ணி வீணாப் போவுது, நான் வேடிக்கை பாக்கணுமா?" என்று சத்தம். மேனேஜர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "யாரும்மா அது, உங்க ஆளா?" என்று கேட்டபோது அக்காவின் மானம் கப்பலேறியது. அன்றிலிருந்து வாட்ச்மேனுக்கு அவன் 'ஓனர்'. அது கிண்டல் என்றுகூட அந்த மண்டுவுக்கு உறைக்கவில்லை. பேர் பிடித்துப்போய்விட்டது.

சாயங்காலம் வீட்டில் பிடித்துக்கொண்டாள்.

"டேய், அந்தக் கம்பெனிக்கு மொத்தம் ஆறு கோடி பங்கு. அதுல உனக்கு நாப்பது. ஒரு ஃபேன்லேருந்து ஒரு ஸ்க்ரூவைக்கூட உன்னுதுன்னு கழட்டிட்டு வர முடியாது. நீ ஓனரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை!"

"அப்ப எனக்கு என்னதான்க்கா உண்டு?"

"லாபம் வந்து, அதுல கொஞ்சம் பிரிச்சுக் குடுக்கலாம்னு அவங்களுக்குத் தோணுனா குடுப்பாங்க. தோணலைன்னா இல்லை. கம்பெனியை இழுத்து மூடினா, கடன்காரன், வரி, சம்பளம் எல்லாம் போக மிச்சம் மீதி இருந்தா வரிசையில கடைசி ஆளா நீ நிக்கலாம். அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை ஓட்டு. அவ்வளவுதான்."

"ஓட்டு இருக்கா!" என்று அவன் முகம் மலர்ந்ததே, ஏன்டா சொன்னோம் என்று ஆகிவிட்டது அவளுக்கு.

ஓட்டுச் சீட்டும் வந்து சேர்ந்தது. தடிமனான கவர், உள்ளே பதினெட்டுப் பக்கம் பொடி எழுத்து. அவள் இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு அப்போதுதான் வந்து, காயிலில் பூசும் வார்னிஷ் நாற்றம் போகக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இவன் கவரோடு சமையலறைக்குள் நுழைந்தான்.

"அக்கா, ஏழு தீர்மானம் இருக்கு. எனக்கு ஒண்ணும் விளங்கலை. நீ அங்கேயே இருக்கறவ, கொஞ்சம் படிச்சுச் சொல்லேன்."

"உயிரை வாங்காதடா! உன் நாப்பது ஓட்டுல எதுவும் கவுந்துடாது. எல்லாத்துக்கும் ஆமாம்னு டிக் அடிச்சு அனுப்பிட்டு ஆளை விடு."

கவர் இரண்டு நாள் மசாலா டப்பாக்களுக்குப் பக்கத்தில் கிடந்தது. மூணாம் நாள் அவன் ஏழு டிக்கையும் அழகாக அடித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போய்த் தபாலில் சேர்த்துவிட்டு வந்தான். தபால் போட எதற்கடா சலவைச் சட்டை!

ஒரு மாசம் கழித்து, வெள்ளிக்கிழமை. அவள் சமையலறையில் விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். தம்பி ஓட்டமும் நடையுமாக வந்தான், கையில் போன்.

"அக்கா, நம்ம பங்கு ஒரே நாள்ல பன்னெண்டு சதவீதம் ஏறிடுச்சு! நீ என்னவோ மட்டம் தட்டுனியே!"

அவள் மடியில் இருந்த கடிதத்தை நீட்டினாள். ஐந்தாம் தீர்மானத்துக்குப் பங்குதாரர்கள் ஒப்புதல் அளித்துவிட்டதால் காயில் பிரிவு மூடப்படுகிறது. அறுபத்திரண்டு பேருக்கு இந்த மாசத்தோடு வேலை இல்லை. அவள் பேர் பதினோராவது.

அவன் போன் வெளிச்சத்தில் நின்றபடியே இரண்டு தடவை படித்தான்.

"அஞ்சாவதுக்கும் நான் டிக் அடிச்சேனேக்கா."

அவளுக்கு அது தெரியும். கேன்டீன் முழுக்க மூணு மாசமாக அலைந்து தேடின சேதி, அவள் வீட்டு மசாலா டப்பாவுக்குப் பக்கத்தில் இரண்டு நாள் கிடந்திருக்கிறது. கை நீட்டினால் எட்டும் தூரம்.

"நாப்பதுல ஒண்ணும் ஆகாதுன்னியே," என்றான். "நான் ஓனர் எல்லாம் இல்லைன்னு சொல்லுக்கா. எப்பவும் திட்டுவியே, அதே மாதிரி ஒரு தடவை சொல்லு."

இத்தனை நாளாகத் தொண்டை கிழியக் கத்தின வார்த்தைதான். கணக்குப் பார்த்தால் அது உண்மையும்கூட. ஆறு கோடியில் நாற்பது எந்த மூலைக்கு? ஆனால் அவள் அதைச் சொல்லாமல் கடிதத்தை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நான்தானேடா அடிக்கச் சொன்னேன்," என்றாள்.